அக்கா ஓட்டிப் பார்த்த இரண்டு வண்டிகள்

கல்யாணமாகி மயிலாப்பூர் வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில், கிணற்றடிக்குப் போகிற வழியில் அதைப் பார்த்தேன். கொல்லையில் வேப்பமரத்துக்கு அப்பால் ஓடு வேய்ந்த ஒரு ஷெட். அதற்குள் வெள்ளைத் துணி போர்த்திய நீளமான ஏதோ ஒன்று, முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருக்கும் பெரிய மிருகம் மாதிரி தரையோடு ஒட்டிக் கிடந்தது. கிட்டே போய்ப் பார்த்தபோது அது ஒரே துணி இல்லை என்று தெரிந்தது. பல வேஷ்டிகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கையாலேயே தைத்திருந்தார்கள். தையல் அவ்வளவு நெருக்கமாக, அவ்வளவு நேராக இருந்தது. ஒரு மூலையில் சலவைக்காரன் போட்ட மைக்குறிகூட அழியாமல் இருந்தது. குனிந்து ஓரத்தைத் தூக்கினேன். உள்ளே ஒரு சக்கரம் தெரிந்தது. சைக்கிள் சக்கரத்தைப் போல மெல்லிய கம்பிகள் பின்னிய மோட்டார் சக்கரம்.

"அழுக்காயிடும், விட்டுடு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. கோபமான குரல் இல்லை. என் நாத்தனார் நின்றிருந்தாள். என் கணவருக்கு மூத்தவள். அவரைப் போலவே நானும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். கையில் வாளியோடு நின்றவள், துணியின் ஓரத்தை நான் சரியாக மூடிவிட்டேனா என்று பார்த்துவிட்டுத் தண்ணீர் இறைக்கப் போய்விட்டாள். நெற்றியில் ஒன்றும் இல்லை. நரை விழாத அடர்ந்த தலைமுடியை இழுத்துக் கட்டி முடிந்திருந்தாள். கழுத்தும் காதும் வெறுமையாக இருந்தன. கல்யாணத்தன்று மணப்பந்தல் பக்கமே வராமல் சமையலறையிலும் உக்கிராண அறையிலும் எல்லா வேலையையும் செய்துகொண்டிருந்தவள் இவள்தான் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

மீதிக் கதையை என் கணவர் துண்டு துண்டாகச் சொன்னார். அக்காவைத் தியாகராய நகரில் ஒரு பெரிய குடும்பத்தில் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளையை என் மாமனாரே தேடிப் பிடித்தாராம். என் கணவர் அவரை அத்திம்பேர் என்று சொல்லும்போது குரலே மாறிவிடும். அத்திம்பேருக்கு மோட்டார் என்றால் உயிர். ஒரு காப்பித் தோட்டத்து வெள்ளைக்காரரிடமிருந்து அந்த இரண்டு பேர் உட்காரும் பந்தய வண்டியை வாங்கி, தானே கழற்றி மாட்டி ஓட்டிக்கொண்டிருந்தார். யுத்தம் ஆரம்பித்த சமயம் விஷ ஜுரம் வந்து படுத்தார், எழுந்திருக்கவில்லை. காரியங்கள் முடிந்ததும் மாமனார் போய் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த வீட்டுக்காரர்களுக்கு வண்டியைப் பார்க்கவே முடியவில்லை. எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். யாரோ ஓட்டிக்கொண்டுவந்து ஷெட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து அது அங்கேயே நின்றது. அத்திம்பேருடைய வேஷ்டிகள் ஒரு பெட்டி நிறைய வந்திருந்தன. அவற்றை அக்கா என்ன செய்தாள் என்பதை நான் பார்த்துவிட்டேனே.

மாமனார் பேர்பெற்ற வக்கீலாக இருந்து ஓய்ந்தவர். கோர்ட்டில் அவர் குரல் வராந்தா வரை கேட்கும் என்பார்கள். வீட்டில் அவர் மகளிடம் பேசி நான் கேட்டதில்லை. காப்பி வேண்டுமானால் பொதுவாகக் காற்றில் கேட்பார். அக்கா கொண்டுவந்து வைப்பாள். அவ்வளவுதான். அவருக்கு அவள்மேல் கோபம் என்று முதலில் நினைத்தேன். தானே பார்த்துச் செய்துவைத்த கல்யாணம் இப்படி ஆகிவிட்டதே என்று, மகள் முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டுதான் அவர் அப்படி ஒதுங்கியிருந்தார் என்பது புரிய எனக்கு நாளாயிற்று.

என் கணவர் மௌண்ட் ரோடில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். சுதந்திரம் வந்து வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராக ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். அவருடைய கம்பெனி துரை கப்பலேறும் அவசரத்தில் தன்னுடைய காரை இவருக்குக் கொடுத்துவிட்டார். அதுவும் இரண்டு பேர் உட்காரும் வண்டிதான். ஆனால் யுத்தத்துக்குப் பிறகு செய்தது. குங்குமச் சிவப்பு. கதவுகள் உண்டு, மழைக்கு இழுத்து மூட மேல்துணி உண்டு, ஒரு பொத்தானை இழுத்தால் தானே கிளம்பும். அதை வாசலில் கொண்டுவந்து நிறுத்திய அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கல்யாணத்தன்றுகூட அவ்வளவு மலர்ச்சி இல்லை என்று நான் கொஞ்சம் பொறாமைப்பட்டேன்.

அந்த வண்டியில் என்னை முதன்முதலாகச் சாந்தோம் பக்கம் அழைத்துப் போனார்.  வீட்டில் பகலில் நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள முடியாது. மாமியார் இருப்பார், மாமனார் இருப்பார், யாராவது வந்துபோய்க்கொண்டே இருப்பார்கள். இப்போது யாரும் இல்லை. அவர் என்ன சொல்லப்போகிறார் என்று காத்துக்கொண்டிருந்தேன். அவர் கியரைப் பற்றிச் சொன்னார். பிறகு பிரேக்கைப் பற்றிச் சொன்னார். நான் "ம்" என்றேன். திரும்பி வந்துவிட்டோம்.

ஷெட் ஒன்றுதான் இருந்தது. புது வண்டி வேப்பமரத்தடியில் நின்றது. காக்கைகள் எச்சமிட்டன. ஐப்பசி மழை வந்தால் என்ன செய்வது என்ற கவலை அவருக்கு. ஆனால் அக்காவிடம் கேட்க வாய் வரவில்லை. ஒருநாள் சாப்பாடு பரிமாறும்போது மாமியார்தான் அதைப் போட்டு உடைத்தார். "அந்தப் பழைய வண்டியை யாருக்காவது தூக்கிக் குடுத்துட்டா என்ன? ஓடவும் இல்லே ஒண்ணும் இல்லே. எடத்தை அடைச்சுண்டு நிக்கறது" என்றார். அக்கா மோர்ப் பாத்திரத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். என் கணவர், "அம்மா, நீ பேசாம இரு" என்று சீறினார். மாமனார் இலையிலிருந்து தலை தூக்கவில்லை.

எல்லோருக்கும் மோர் ஊற்றி முடித்த பிறகு அக்கா கேட்டாள்: "அம்பி, உன் வண்டி அப்படி என்ன ஒசத்தி?"

அவள் முகத்தில் சின்னதாக ஒரு சிரிப்பு இருந்தது. அதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அவர் அதற்காகவே காத்திருந்தவர்போலச் சொல்ல ஆரம்பித்தார். கையால் சுழற்றிக் கிளப்ப வேண்டாம், கியர் போடும்போது நறநறக்காது, நான்கு சக்கரத்துக்கும் சேர்ந்தாற்போல் பிரேக் பிடிக்கும், பள்ளத்தில் இறங்கினால் முதுகெலும்பு உடையாது என்று. அக்கா விடவில்லை. அந்த வண்டி பரங்கிமலை மேட்டை மூச்சு வாங்காமல் ஏறியதைச் சொன்னாள். ஒரு தடவை ரயிலோடு போட்டி போட்டுக்கொண்டு போனதைச் சொன்னாள். "உன்னுது பொம்மைக் கார். சிவப்புச் சாயம் பூசினா ஆச்சா?" என்றாள். இருவரும் சின்னக் குழந்தைகள்போல அன்று முழுவதும் சண்டை போட்டார்கள். மறுநாளும் போட்டார்கள். கடைசியில் அவர், "சரி அக்கா. ரெண்டையும் நீயே ஓட்டிப் பாரு. பழசுதான் ஒசத்தின்னு நீ சொல்லிட்டா அது ஷெட்டிலேயே இருக்கட்டும், நான் வாயைத் திறக்க மாட்டேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அக்காவுக்கு ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"அத்திம்பேர் கத்துக்குடுத்தார். லைசென்ஸ்கூட வாங்கிக் குடுத்தார்" என்றார் அவர். அக்கா பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ராயப்பேட்டையிலிருந்து ஒரு மெக்கானிக் பாய் வந்தார். வேஷ்டி உறையை அக்காவே வந்து எடுத்து மடித்து வைத்தாள். அடியில் கரும்பச்சை வண்டி. பானெட்டின் குறுக்கே குதிரைக்குக் கட்டுவதுபோல ஒரு தோல்வார். ஓட்டுகிறவர் பக்கம் கதவு மாதிரி ஒரு சின்ன வெட்டு உண்டு. மறுபக்கம் அதுவும் இல்லை. பாய் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னா ஸார், இத்தினி வருசமா இதெ இப்டியேவா வுட்டு வெச்சிகிறீங்க? எலி குடும்பம் பண்ணிக்கினு கீது உள்ளே!"

"ஓடுமா பாய்?" என்று அக்கா மெல்லக் கேட்டாள்.

"ஓடும்மா. டயர், வயர் எல்லாம் பூட்ச்சு. இஞ்சினு நல்லா கீது. எவனோ கையி வெச்சு ஆசையா வேலை செஞ்சிகிறான்மா."

அக்கா சட்டென்று வீட்டுக்குள் திரும்பிப் போய்விட்டாள். யாரைச் சொன்னோம் என்று பாய்க்குத் தெரியாது.

சில நாள் கழித்து பாய் அதைக் கிளப்பியபோது வேப்பமரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்தன. மாமியார் கரண்டியோடு கொல்லைக்கு ஓடிவந்தார். நான் அக்காவைத் தேடிப்போனேன். உக்கிராண அறையில் புளிப் பானைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். கண்ணை மூடியிருந்தாள். "இருமறது பார்" என்றாள். "அவர் இருந்தா இப்பவே கழட்டிப் போட்டுண்டு உக்காந்துடுவார். ராத்திரி சாப்பாடு கிடையாது."

ஆவணி அமாவாசை வந்தது. சமுத்திர ஸ்நானத்துக்குப் போகிறோம், சமையலுக்குள் திரும்பிவிடுவோம் என்று மாமியாரிடம் சொன்னோம். விடிந்தும் விடியாமலும் கிளம்பினோம். பாய் பழைய வண்டியை முன்னாலேயே ஓட்டிக்கொண்டு போயிருந்தார். புது வண்டியில் என் கணவர் பக்கத்தில் ஒரே இருக்கையில் அக்காவும் நானும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். அடையாறு பாலத்தைத் தாண்டும்போது ஆறு கடலோடு சேரும் இடத்தில் வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. அதற்கப்பால் அந்தக் காலத்தில் வீடுகள் அபூர்வம். தோப்பும் சவுக்கும்தான். எலியட்ஸ் பீச்சுக்குப் போகிற சாலை ஆளரவமே இல்லாமல் நேராகக் கிடந்தது. பாய் வண்டியின் பக்கப்பலகையில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் எழுந்து அதை அணைத்துப் போட்டார்.

முதலில் பழைய வண்டி. "நீ அக்காவோட போ" என்று என் கணவர் என்னிடம் சொன்னார். அக்கா தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள். நான் கதவில்லாத பக்கத்தில் எப்படி ஏறுவது என்று விழித்தேன். பாய் முன்னால் நின்று கைப்பிடியை ஒரு சுழற்றுச் சுழற்றினார். எனக்குக் கீழே பூமியே உறுமியது. அக்கா ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிஷம் அசையாமல் இருந்தாள். பிறகு வெளியில் நீட்டிக்கொண்டிருந்த நீண்ட இரும்புத் தண்டை, அதுதான் கைப்பிரேக், விடுவித்தாள். அந்த வண்டியில் ஆக்ஸிலேட்டர் நடுவில் இருக்கும், பிரேக் வலதுபக்கம் இருக்கும். அவள் பாதம் தானாக நடுவில் போய் அழுத்தியது. கிளம்பினோம்.

அது ஓடிய ஓட்டத்தை நான் எப்படிச் சொல்வேன்! சாலையில் இருந்த ஒவ்வொரு கல்லையும் என் உடம்பு எண்ணியது. காற்று முகத்தில் அறைந்தது. கியர் மாற்றும்போதெல்லாம் பல்லைக் கடிப்பதுபோல ஒரு சத்தம். அதற்கு அக்கா கிளட்சை ஒருதரம் மிதித்து, காலை எடுத்து, மறுதரம் மிதித்தாள். சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அக்கா என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"தி. நகர் ஆத்துலே வாயே திறக்க முடியாது! அவரோட பேசணும்னா இதுலேதான்!"

"என்ன அக்கா?"

"இதுலேதான் பேசுவோம்னேன்! கத்திக் கத்தி! தொண்டை கட்டிண்டுடும்!" அவள் சிரித்தாள். "மொதல் தடவை உன்னை ரொம்பப் பிடிச்சிருக்குன்னு சொன்னார்! எனக்குப் பிரேக் பிடிக்கலைன்னு காதுல விழுந்தது! ஐயோன்னு கத்திட்டேன்!"

நானும் சிரித்தேன். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். ஒரு புருஷன் பெண்டாட்டியிடம் காதோடு சொல்கிற வார்த்தையை அந்த மனிதர் ஊருக்குக் கேட்கிறாற்போலக் கத்திச் சொல்லியிருக்கிறார். அவர்கள் சேர்ந்திருந்த சொற்ப காலத்தில் பேசிக்கொண்ட பேச்செல்லாம் இப்படித்தான். நான் கண்ணால் பார்த்திராத அத்திம்பேர் அன்றைக்கு எங்கள் இருவருக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்றே இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது.

திரும்பிவந்து நிறுத்தியபோது அக்கா முகம் ஜொலித்தது. "பாத்தியா அம்பி?" என்றாள். அவர், "பாத்தேன், பாத்தேன். இப்போ இதுலே ஏறு" என்றார்.

புது வண்டியில் கதவைத் திறந்து கௌரவமாக ஏறினோம். கிளப்பிக் கொஞ்ச தூரம் போனதும் வேகமெடுக்கலாம் என்று அக்கா பழக்கதோஷத்தில் நடுவில் இருந்ததை அழுத்தினாள். அதில் நடுவில் இருந்தது பிரேக். வண்டி சடக்கென்று நின்றது. நான் முன்கண்ணாடியில் போய் இடித்துக்கொண்டேன். தூரத்தில் பாய் "யா அல்லா!" என்று கத்தினார். அக்கா நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "இது நல்ல பிரேக்தான்" என்றாள். அதன் பிறகு தவறவில்லை. மெல்ல மெல்ல வேகம் ஏறியது. கியர் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல விழுந்தது. பழைய வண்டி தூக்கித் தூக்கிப் போட்ட அதே பள்ளங்களில் இது குழந்தையை ஏந்துவதுபோல இறங்கி ஏறியது. சவுக்குத் தோப்பின் ஓசைகூடக் காதில் விழுந்தது.

"கேக்கறதாடி?" என்றாள் அக்கா, சாதாரணக் குரலில்.

"கேக்கறது அக்கா."

"நான் கத்தவே இல்லையே."

 பழைய வண்டியில் திரும்பிய இடத்தைத் தாண்டி, மணல் ஆரம்பிக்கிற இடம்வரை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள். இயந்திரத்தை அணைத்தாள். முன்னால் கடல். கட்டுமரங்களைத் தள்ளிக்கொண்டு சிலர் நீரில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"இது நன்னா இருக்குடி" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அதைவிட நன்னா இருக்கு" என்றாள். அப்படியே முகத்தைக் கைகளில் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.

 அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பழைய வண்டிதான் நல்லது என்று சொல்லியிருந்தால் யார் அவளை மறுக்கப்போகிறார்கள்? ஷெட் அவளுக்கு நிலைத்திருக்கும். ஆனால் கையும் காலும் கண்டுபிடித்துவிட்ட ஒன்றை இல்லையென்று சொல்ல அவளால் முடியவில்லை. அழுகை கொஞ்சம் அடங்கியதும் சொன்னாள்: "அவர் இருந்திருந்தா இதைத்தான்டி வாங்கியிருப்பார். அதை வித்துட்டு இதை வாங்கியிருப்பார். ஒரு நிமிஷம் யோசிச்சிருக்க மாட்டார். நான்தான் அதுக்கு மிஞ்சினது லோகத்திலேயே கிடையாதுன்னு மூடி மூடி வெச்சுண்டிருந்தேன்."

மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு திடீரென்று கேட்டாள்: "அம்பி இதுலே உன்கிட்ட என்ன பேசுவான்?"

"கியரைப் பத்தி" என்றேன்.

அழுத முகத்தோடு அவள் சிரித்த சிரிப்பு! "அசடு. கத்தாம பேசறதுக்கு ஒரு வண்டி கெடைச்சிருக்கு அவனுக்கு. நீயாவது பேசேன்டி" என்றாள்.

திரும்பிப் போனதும் அவள் இறங்கி, "உன்னுதுதான் ஒசத்தி அம்பி. ஒத்துண்டுட்டேன்" என்றாள். ஜெயித்தேன் என்று குதிக்கத் தயாராக இருந்தவர் அவள் முகத்தைப் பார்த்தார்.  "இல்லேக்கா, அதோட இழுப்பு இதுக்கு வராது. அந்த என்ஜின் மாதிரி இனிமே எவன் பண்ணப்போறான்?" என்று ஆரம்பித்தார். "அதெல்லாம் இல்லே, இதோட பிரேக்கைப் பாரு" என்றாள் அக்கா. இவ்வளவு நாள் ஒருவர் பேசியதை இப்போது மற்றவர் பேசிக்கொண்டு இருவரும் நடுச்சாலையில் நின்று மறுபடியும் சண்டை போட்டார்கள். பாய் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மாமியார் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். ஸ்நானம் செய்ய வேண்டும் என்பதையே நாங்கள் மறந்துவிட்டிருந்தோம். "என்னடி, தலை நனையலே, மூஞ்சி மட்டும் நனைஞ்சிருக்கு?" என்று மகளைக் கேட்டார்.

"நான் வண்டி ஓட்டினேம்மா" என்றாள் அக்கா.

மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஊர் என்ன சொல்லும், நாலு பேர் பார்த்தால் என்ன ஆவது, இந்தக் கோலத்தில் மோட்டார் ஓட்டிக்கொண்டு போகிறவள் எங்கேயாவது உண்டா என்று ஆரம்பித்து, கடைசியில் அவரும் அழுதுவிட்டார். கூடத்தில் மாமனார் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். அது வெகுநேரம் பக்கம் திரும்பவே இல்லை.

அன்று மத்தியானமே அக்கா ஷெட்டைக் காலி செய்தாள். புது வண்டி உள்ளே போயிற்று. பழைய வண்டிக்கு வேப்பமரத்தடியில் தென்னங்கீற்றால் ஒரு சாய்ப்பு இறக்கச் சொன்னாள். "வித்துடலையா அக்கா?" என்று நான் கேட்டதற்கு, "எதுக்கு விக்கணும்? இத்தனை நாள் அதை வண்டின்னே நான் நினைக்கலே. அதனாலதான் தொடலே. இப்போ தெரிஞ்சுபோச்சு, அதுவும் ஒரு வண்டிதான்னு. வண்டின்னா ஓட்டணும்" என்றாள். வேஷ்டி உறையைத் தையல் பிரித்தாள். "நல்ல துணி. வண்டி தொடைக்க ஆகும்" என்று துண்டு துண்டாக்கி மடித்து வைத்தாள். ஒன்றே ஒன்றை மட்டும் தன் பெட்டிக்கு எடுத்துக்கொண்டு போனதை நான் பார்த்தேன், பார்க்காததுபோல இருந்துவிட்டேன்.

அக்கா அந்த வண்டியை வெகுகாலம் ஓட்டினாள். வாத்தியார் டிரெயினிங் முடித்து, பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, தலைமை ஆசிரியை ஆன பிறகும்கூட அதில்தான் போனாள். உதிரி சாமான் கிடைக்காமல் போய் அது ஒருநாள் நின்றபோது கண்கலங்காமல் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிட்டு, சாதாரணமான மூடிய கார் ஒன்று வாங்கினாள். எங்கள் சிவப்பு வண்டியும் குழந்தைகள் பிறந்ததும் போய்விட்டது. ஆனால் அதற்குள் அதில் நாங்கள் இருவரும் நிறையப் பேசிவிட்டோம். நான்தான் ஆரம்பித்தேன். இப்போது என் மகன் வண்டியில் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகிறோம். வெளிச் சத்தம் ஒரு பொட்டு உள்ளே வராது. ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு ஊமைபோல உட்கார்ந்திருக்கிறோம். அடையாறு பாலத்தை எப்போது தாண்டினோம் என்றே தெரிவதில்லை. அக்கா போயும் பல வருஷம் ஆயிற்று. அவளை நினைக்கும்போது எனக்குத் தலைமை ஆசிரியை ஞாபகத்துக்கு வருவதில்லை. டிரெயினிங் பள்ளிக்குப் போக அவள் முதல் நாள் கிளம்பிய அந்தக் காலைதான் வருகிறது.

கடற்கரைக்குப் போய்வந்ததற்கு மறு வருஷம் ஆனி மாதம். அக்கா படிக்கப் போவதற்கு மாமியார் ஒருவழியாகச் சம்மதித்துவிட்டார். ரிக்ஷாவில் போகட்டும் என்பதுதான் அவர் கட்சி. அக்கா காரில்தான் போவேன் என்றாள். கடற்கரைக்கு விடியற்காலையில் போய்வருவது வேறு, பட்டப்பகலில் குளத்தங்கரை வழியாக, தெரிந்தவர்கள் வீடுகளைத் தாண்டிப் போவது வேறு. அன்று காலை மாமியார் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. என் கணவர் பழைய வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். எதிர்வீட்டு ஜன்னலில் தலைகள் தெரிந்தன. அக்கா பழுப்பு வெள்ளையில் புடவை கட்டி, தலைப்பைச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். செருகியிருந்த தலைப்பை எடுத்து மறுபடியும் செருகிக்கொண்டாள்.

அப்போது மாமனார் வெளியே வந்தார். பஞ்சகச்சம், நீளக் கோட்டு, தலைப்பாகை. ஓய்வு பெற்ற பிறகு அவர் அந்த உடுப்பைப் போட்டு நான் பார்த்ததில்லை. படியிறங்கி நேராக வண்டியண்டை போனார்.

"எனக்கும் அந்தப் பக்கம் ஒரு வேலை இருக்கு" என்றார், யாரிடம் என்றில்லாமல். பிறகு மகளைப் பார்த்தார். "இதுலே எப்படி ஏறறது?"

 "காலைத் தூக்கி உள்ளே வையுங்கோப்பா. மெதுவா" என்றாள் அக்கா.

கதவில்லாத பக்கத்தில், ஒரு கையால் கச்சத்தைப் பிடித்துக்கொண்டு, மகன் தோளில் மறு கையை ஊன்றி, அந்தப் பெரிய மனிதர் காலைத் தூக்கி வைத்து ஏறினார். உட்கார்ந்ததும் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். எதிர்வீட்டு ஜன்னலை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். தலைகள் மறைந்தன. "போலாமே" என்றார்.

என் கணவர் கைப்பிடியைச் சுழற்றினார். தெருவே அதிரக் கிளம்பிப் போனார்கள். மாமனார் மகள் பக்கம் திரும்பி ஏதோ சொல்வதும், அவள் "என்னப்பா?" என்று சாய்வதும், அவர் மறுபடி உரக்கக் கத்துவதும் தெரிந்தது. என்ன சொன்னாரோ, எங்களுக்குக் கேட்கவில்லை.

மூலை திரும்பியதும் மாமியார் வாசலுக்கு ஓடிவந்தார். கையில் கறுப்புக் குடை. "போயாச்சா?" என்றார் திகைத்துப்போய். "வெயில் ஏறிடுமே. அவளுக்கு ஒரு குடை குடுத்து அனுப்பணும்னு தோணலே பாரு எனக்கு."

"குடும்மா" என்று என் கணவர் குடையை வாங்கிக்கொண்டு ஷெட்டுக்கு ஓடினார். ஓடும்போதே என்னைக் கூப்பிட்டார். மாமியார் எதிரில் அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நானும் ஓடினேன். சிவப்பு வண்டி பறந்தது. லஸ் முனையைத் தாண்டுவதற்குள் அவர்களைப் பிடித்துவிட்டோம். பக்கவாட்டில் வந்ததும் நான் எட்டிக் குடையை நீட்டினேன். மாமனார் வாங்கிக்கொண்டார்.

அடுத்த நிமிஷம் அவர் அதைப் பிரித்து மகள் தலைக்கு மேலே பிடித்தார். காற்று ஒரே வீச்சில் குடையை மேல்நோக்கிப் புரட்டிவிட்டது. கம்பிகள் எல்லாம் வானத்தைப் பார்த்தன. அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். இயந்திரத்தின் உறுமலையும் மீறி அந்தச் சிரிப்பு எங்களுக்குக் கேட்டது. மாமனார் ஒரு கையால் தலைப்பாகையை அழுத்திக்கொண்டு, மறு கையால் அந்தப் புரண்ட குடையை மகள் தலைக்கு மேலேயே பிடித்துக்கொண்டு போனார்.